காலை ஆறு மணி எடை

என் மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை நான் நிறுத்தியிருந்தேன். கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் பிள்ளை தூங்குகிறது என்று சொல்லிவிடுவேன். தூங்குகிற பிள்ளையையும் கழுத்துவரை போர்த்தித்தான் வைத்திருப்பேன். முகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மூன்று மாதக் குழந்தை என்று நினைத்துக்கொள்வார்கள். காலைப் பார்த்தால் அதையும் நினைக்க முடியாது. தொடையில் சதை இருக்க வேண்டிய இடத்தில் தோல் மடிந்து தொங்கியது.

எங்கள் வீடு போடியில். என் கணவர் மலைமேல் சின்னத் தோட்டக்காரர்களிடம் ஏலக்காய் வாங்கி, ஏலத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறவர். பக்கத்து வீட்டிலேயே அவருடைய அக்கா இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். மூன்று பெற்றவர். மூன்றும் பிறந்ததிலிருந்தே கொழுகொழுவென்று இருந்தவை. கெட்ட மனம் கிடையாது. ஆனால் வாய் நிற்காது.

"நீ தின்னாத்தேன புள்ளைக்குப் பாலு ஊறும்? காக்கா கொத்துற மாதிரி கொத்திட்டு எந்திரிச்சிட்டா எப்படி?" என்பார்.

நான் தின்றேன். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை என்று யார் எதைச் சொன்னாலும் செய்து தின்றேன். பிள்ளை பெற்றபின் எட்டு கிலோ கூடினேன். பெருத்தது நான்தான். அவள் அப்படியே இருந்தாள்.

எனக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு துணி நனைந்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம் என்று தடுப்பூசி போடுகிற நர்சம்மா சொல்லியிருந்தார். என் மகள் இருபது துணி நனைத்தாள். மாடிக் கொடி முழுவதும் அவள் துணிதான் தொங்கும். "பாத்தீகளா மதினி, பாலு பத்தாத புள்ள இம்புட்டு ஒண்ணுக்குப் போகுமா?" என்று அதைக் காட்டி வாதாடுவேன். அந்தத் துணிகள் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை இரண்டு நாள் தொடர்ந்து வாந்தி எடுத்துத் துவண்டு போனாள். போடியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள் துணியைக் களைந்து எடை மிஷினில் போட்டார். நான்கு கிலோ எண்ணூற்றி இருபது. "ஏழு மாசத்துக்கு இம்புட்டுத்தானா?" என்றார் அவர், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி. ஏழு மாதமாக நான் போர்த்தி வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் விலக்கிவிட்டார்கள்.

டாக்டர் இளம்வயதுப் பெண். என்னிடம் நிதானமாகத்தான் சொன்னார். "வாந்தி நின்னுருச்சு. இனி எடை ஏறணும். ரெண்டு மணிக்கு ஒருதரம் இங்க குடுக்கிற பாலக் குடுங்க, தாய்ப்பாலும் குடுங்க. தினமும் இருபது முப்பது கிராமாவது ஏறுதான்னு பாப்போம். ஏறலைன்னா வேற எதுவும் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கலாம்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. என் காதில் விழுந்தது 'ஏறணும்' என்பது மட்டும்தான்.

தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்ப்பார்கள். இரவு நர்ஸ் பணி முடிந்து போகும் முன் செய்கிற கடைசி வேலை அது. ஆறு மணிப் பாலைக் கொடுக்காமல், வெறும் வயிற்றோடு, ஒட்டுத்துணி இல்லாமல் பிள்ளையைக் கிடத்த வேண்டும். எண்ணைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற அட்டையில் எழுதுவார்கள். வருகிறவர், போகிறவர் எல்லோரும் பார்க்கலாம்.

முதல் நாள் பத்து கிராம் ஏறியது. இரண்டாம் நாள் இருபது இறங்கியது. நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாலக் குடுக்குறியா, கீழ ஊத்துறியா?" அன்று மாலை மதினி சாப்பாடு கொண்டுவந்தார். வந்ததும் அட்டையைத்தான் கையில் எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

மறுநாள் விடியற்காலை நான் அதைச் செய்தேன். நான்கு மணிக்குக் கொடுத்த பாலில் பாதியைத்தான் ஊட்டினேன். மீதியைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்கு, நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் எடை பார்க்கத் தொடங்கியதும், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூக்கு வைத்த ஊட்டுக் கிண்ணத்தால் நான்கு பாலாடை ஊட்டினேன். எங்கள் முறை வந்தபோது முப்பது கிராம் ஏறியிருந்தது.

"பாத்தியா? ஊட்டுனா ஏறுது!" என்றார் நர்ஸ். என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அந்தத் தட்டு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். ஏழு மாதத்தில் யாரும் என்னை அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை.

அதற்கடுத்த நாள் ஆறு பாலாடை. அதற்கடுத்த நாள் ஒன்பது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கூடக் கொடுத்தால்தான் அட்டையில் ஏறும் என்று எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. ஈரக் காயை எடைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறவர்களைப் பற்றி என் கணவர் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு கை அள்ளிக் குலுக்கினாலே போதும், காய்ந்த காய் கலகலக்கும், ஈரக் காய் ஊமையாக இருக்கும் என்பார். அப்படிப்பட்டவர்களை அவர் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

இப்படிச் செய்யத் தொடங்கிய ஐந்தாம் நாள் பால் போதவில்லை. வெந்நீரை ஆற்றிக் கொடுத்தேன். என் மகள் தண்ணீர் என்றால் பறப்பாள். பாலைவிட ஆசையாக, பாலாடையைக் கையால் இழுத்து இழுத்துக் குடித்தாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஏழு மாதக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு தாகம் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எங்களுக்கு அடுத்த கட்டிலில், சன்னலோரம், ஒரு பெண் எட்டு மாதப் பையனோடு இருந்தாள். மலைச்சரிவில் ஒரு ஏலத்தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்தவள். அவளும் புருஷனும் அங்கேயே கூலி வேலை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பிள்ளையை 'கொச்சு' என்பாள், மலைமேல் இருக்கிறவர்கள் சொல்வதைப்போல. அவனும் என் மகளைப் போலவே எலும்பும் தோலும்தான். விட்டு விட்டுக் காய்ச்சல் வேறு. எங்கள் இருவருக்கும் ஒரே பால், ஒரே அளவு, ஒரே நேரம். அவள் நேரம் தவறாமல் ஊட்டுவாள். அவன் குடிக்காமல் முகத்தைத் திருப்பினால் எழுந்து நடந்துகொண்டே, சன்னலுக்கு வெளியே காக்கையைக் காட்டிக்கொண்டே ஊட்டுவாள். ஒரு பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் கண்ணால் பார்த்தேன்.

அவன் எடை ஏறவில்லை. அத்தனை நாளும் ஒரே எண்ணைச் சுற்றியே நின்றது.

ஒரு நாள் காலை நர்ஸ் அவனை மிஷினிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னைக் கைகாட்டி வார்டே கேட்கும்படி அவளைப் பேசினார். "காட்டுக்குள்ளயே கெடந்துட்டு புள்ள வளக்கத் தெரியாம வந்துர்றீக. அந்த பாய் வீட்டுப் பொண்ணப் பாரு. ஒரே பாலுதான ரெண்டு பேருக்கும்? அது புள்ள தெனமும் ஏறுது, ஒம் புள்ளைக்கு மட்டும் ஏன் ஏறல? பால நீ குடிச்சிர்றியா?"

எதிர்க் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'அவ ஊட்டுறா சிஸ்டர், நான் பாத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். என் பொய் வெளியே வராமலே அதைச் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. பிறகு மதினி கொண்டுவந்த பன்னில் இரண்டை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டு மற்றதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவன் எடை அசையாமல் நின்றதால் டாக்டர் அவனை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினார். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்து அனுப்பினார்கள். வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டு, புருஷனையும் வரச்சொல்லிப் படம் எடுத்தார்கள். என் மகளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. என் மகள்தான் ஏறிக்கொண்டிருந்தாளே. ஐந்து நாள் தொடர்ந்து ஏறியது, இனி வீட்டிலும் இப்படியே கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சன்னலோரக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகல்ல?"

"என்ன?"

"வெடியால நீங்க திரும்பி ஒக்காந்து குடுக்கிறத நான் பாத்தேன். நா யாருட்டயும் சொல்லல. டாக்டரம்மாட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. ஏறலைன்னா ஏறலைன்னு தெரிஞ்சாத்தேன அவுக பாப்பாக? எங் கொச்சுக்குப் பாக்குறாகல்ல."

"ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒம் புள்ளைக்கு ஏறலைன்னு எம் புள்ளையப் பாத்து வயிறெரியிறியா?" என்றும் கேட்டேன்.

அவள் தன் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. மறுபடி வாந்தி. இந்த முறை மூச்சும் மாறியிருந்தது. ஓடி வந்தவள் போல, ஆழமாக, வேகமாக இழுத்து விட்டாள். அதே வார்டு, அதே மிஷின். நான்கு கிலோ அறுநூற்றைம்பது. முதல்முறை வந்தபோது இருந்ததைவிடக் குறைவு.

அதே டாக்டர் பழைய அட்டையை எடுத்து வரச்சொல்லிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"இங்க இருந்தப்ப அஞ்சு நாள்ல நல்லா ஏறியிருக்கு. வீட்டுக்குப் போனதும் இவ்வளவு இறங்கியிருக்கு. வீட்டுல என்னம்மா நடக்குது?"

என் பொய் எங்கே கொண்டுவந்து விட்டது என்று அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் ஏறி, வீட்டில் இறங்கினால் குறை வீட்டில்தான் இருக்க வேண்டும். நானே என் கையால் எழுதவைத்த ஐந்து எண்கள் அதைத்தான் சொல்லின. அவரை எப்படிக் குற்றம் சொல்வது? அட்டையை நம்பினார். நம்புவதற்குத்தானே அட்டை.

அன்று மத்தியானம் ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் வந்து என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். முதலில் சுற்றி வளைத்தார். பிறகு என் கணவரிடம் நேராகவே கேட்டார். "பொம்பளப் புள்ளங்கிறதால சரியாக் கவனிக்காம விட்டீங்களா? உள்ளதச் சொல்லுங்க. நாங்க உதவி செய்யத்தான் கேக்குறோம்."

அவருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் காது மடல்கள் சிவந்தன. மலையிலிருந்து எந்நேரம் இறங்கி வந்தாலும் கை கால் கழுவிவிட்டு முதலில் அவளைத்தான் தூக்குவார். "நா தவமிருந்து பெத்த புள்ளம்மா இது" என்றார். வெளியே நின்றிருந்த மதினி உள்ளே வந்து, "எங்க தம்பிய ஒண்ணும் சொல்லாதீக. இவதேன் சரியாத் திங்க மாட்டேங்கிறா" என்றார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போது கை நிற்கிறது. பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள். புருஷன் என் கண்முன்னே அவமானப்படுகிறார். உண்மை என் ஒருத்தியிடம் இருக்கிறது. அன்று பகல் முழுவதும், மறுநாள் காலை வரைக்கும் நான் பேசாமல் இருந்தேன். சொன்னால் துரத்திவிடுவார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள், மதினி காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார் என்று எனக்குள் ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளையைப் பற்றியது இல்லை.

மறுநாள் காலை எடை பார்க்கும்போது அவளால் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. வழக்கமாக மிஷின் சில்லென்று பட்டதும் வீலென்று கத்துவாள். அன்று சும்மா கிடந்தாள். நான் அவளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். டாக்டர் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, அந்த எடை பொய்."

"எந்த எடை?"

"போன தடவ எழுதுன அஞ்சு நாளும். எடை பாக்குறதுக்கு முன்னாடி நா பாலு குடுத்திருவேன். கடைசி நாளு தண்ணி குடுத்தேன். அது ஏறவே இல்ல. இங்க இருந்தப்பவும் ஏறல."

அவர் படியிலேயே நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவும் குடிச்சுச்சா? வேணாம்னு துப்பலையா?"

"தண்ணின்னா பறப்பா. எம்புட்டுக் குடுத்தாலும் குடிப்பா."

"ஒண்ணுக்கு?"

"ஒரு நாளைக்கு இருபது துணி நனையும்."

அவர் எனக்கு முன்னால் வேகமாக வார்டுக்குள் நடந்தார். பழைய அட்டையை எடுத்து அந்த ஐந்து எண்களின் மேலும் ஒரே கோடாகப் பேனாவால் இழுத்தார். ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். இந்த முறை வேறு பரிசோதனைகள்.

சாயந்தரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சிறுநீர்ல வெளிய போக வேண்டிய அமிலம் சரியாப் போகாம ரத்தத்துலயே தேங்குது. சிறுநீரகத்துல பிறவியிலயே உள்ள கோளாறு. அதனாலதான் இவ்வளவு ஒண்ணுக்கு, தாகம், வாந்தி, இந்த மூச்சு. இதச் சரிபண்ணாம எவ்வளவு பால் குடுத்தாலும் உடம்புல ஒட்டாது. மருந்து இருக்கு. நிறுத்தாமக் குடுக்கணும்." பிறகு என் கணவரைப் பார்த்து, "யாரும் பட்டினி போடலை" என்றார். எடையைப் பற்றி அவர் முன்னால் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டார். நானும் அந்தக் காப்பாற்றலுக்குள் ஒளிந்துகொண்டேன்.

முதலில் ஊசி வழியாக மருந்து, பிறகு வாய்வழியாக ஒரு திரவம். உப்பும் புளிப்புமாக இருக்கும். ஒரு வாரத்தில் மூச்சு சீரானது. வாந்தி நின்றது. பத்தாம் நாளிலிருந்து எடை ஏறத் தொடங்கியது. வெறும் வயிற்றோடு, நான் பக்கத்தில் போகாமல், நர்ஸே தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டு எடுத்த எடை.

சன்னலோரக் கட்டிலில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸ்களிடம் கேட்டேன். அந்தப் பையனுக்கு டிபி, மருந்து எழுதி அனுப்பிவிட்டோம் என்றார்கள். அவள் புருஷனுக்கும் அதுதானாம். இருமலோடு வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறார். வீட்டில் அதை யாரும் அறியவில்லை. அசையாமல் நின்ற அவன் எடைதான் அதைக் காட்டிக்கொடுத்தது. அவள் அந்த எடையை மாற்றாமல், வசவை வாங்கிக்கொண்டு, அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

ஆறு மாதம் கழித்து என் கணவர் அந்தப் பக்கம் காய் எடுக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். பிள்ளைக்கு மலைக்காற்று படட்டும் என்று சொல்லிக்கொண்டேன். தோட்டத்தின் பேரை வார்டிலேயே கேட்டு வைத்திருந்தேன். ஜீப்பு வளைவு வளைவாக ஏறியது. மகள் என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் கத்தினாள். தோட்டத்தில் அவர் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் போனதும், நான் விசாரித்துக்கொண்டு மரநிழலுக்குள் இறங்கினேன். பெண்கள் செடிக்கு ஒருவராகத் தரையில் குந்தியிருந்து, அடித்தூரில் படர்ந்த சரங்களிலிருந்து பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளை முதுகை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

அவள் எழுந்து நின்று என் மகளைத்தான் முதலில் பார்த்தாள். "கன்னம் வச்சிருச்சே!" என்றாள். அவள் பையன் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் இருந்தான். நடக்கிறானாம். மருந்து முடிய இன்னும் கொஞ்ச நாள்தானாம். புருஷன் தேறிவிட்டாராம்.

நான் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் கலந்துகட்டிச் சொன்னேன். பால் கொடுத்தது, டாக்டரிடம் சொன்னது, அவள் சொன்னதுதான் சரி, நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று. பாதியில் அழுதேன். அவள் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் பையிலிருந்து இலைத் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க பாலு குடுத்தது எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்கும் அப்பிடிச் செய்யலாமான்னு தோணுச்சு. எங் கொச்சு அந்நேரம் குடிக்காது, அதேன் செய்யல" என்றாள். அப்புறம் சொன்னாள்: "வயிறெரியிறியான்னு கேட்டீகளே, அதக்கூட மறந்துட்டேன். சிஸ்டரு என்னைய அந்தப் பேச்சுப் பேசையில நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தீக. அதத்தேன் ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

மேலேயிருந்து கங்காணி ஏதோ சத்தம் போட்டார். "வர்றேன் அண்ணே!" என்று குரல் கொடுத்தாள். மகளின் காலை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த செடிக்குப் போய் உட்கார்ந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இன்னொரு பன்னை நீட்டியதுபோல்தான் இருந்திருக்கும்.

இறங்கி வரும்போது என் கணவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் அந்தப் பெண்ணைத் தேடிப் போனாய் என்று அவர் கேட்டார், பொய் சொல்ல அதற்குமேல் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கில் போடி தெரிந்தது.

"அன்னைக்கி அந்தம்மா எங்கிட்டக் கேட்டாகளே, பொம்பளப் புள்ளன்னு விட்டுட்டீகளான்னு. அப்ப நீ எம் பக்கத்துலதேன ஒக்காந்திருந்த?"

"ஆமா."

"தெரிஞ்சேவா இருந்த?"

"ஆமா."

வண்டியை எடுத்தார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. மகளுக்கு வேளாவேளைக்கு மருந்தை அவரே ஊற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் காலை, சாப்பிட்டுக் கையைக் கழுவியபடியே, "அக்காகிட்ட எதுவும் சொல்ல வேணாம். அவ வாயில விழுந்தா நீ எந்திரிக்க முடியாது" என்றார். பிறகு, "ஆனா அந்தச் சிஸ்டருகிட்டச் சொல்லீரு. அந்தத் தோட்டத்துப் பொண்ண அவுக தப்பா நெனச்சுக்கிட்டு இருப்பாகல்ல" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் பாவம் என் பாவம் என்று என்னையே சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பெண்மீது விழுந்த பழி இன்னும் அங்கேயே கிடக்கிறது என்பது உறைக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அவர் மகளோடு கீழே நின்றார். நான் மாடியேறி வார்டுக்குப் போனேன். அதே நர்ஸ் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். என் மகளின் எடை ஏறியது பொய், அந்தப் பெண் உண்மையாகவே ஊட்டினாள், நீங்கள் அவளைத் திட்டியது என்னால்தான் என்று சொன்னேன்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வேலை செய்து களைத்த முகம்.

"எந்தப் பொண்ணும்மா?"

"சன்னலோரக் கட்டில் சிஸ்டர். மலையிலேர்ந்து வந்தவ. பையனுக்கு டிபின்னு கண்டுபிடிச்சாகளே."

"மலையிலேர்ந்து எத்தனையோ பேர் வர்றாகம்மா." இன்னும் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். உண்மையிலேயே முயற்சி செய்தார் என்றுதான் நினைக்கிறேன். "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் போய்விட்டார்.

கீழே இறங்கி வந்தேன். வேப்பமரத்தடியில் என் கணவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"அவளை அவுகளுக்கு ஞாபகமே இல்லையாம்."

அவர் மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.